வராதவர் முக்காலி

அம்மாவின் வலது கை விரல்களை மகள் ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தாள். எத்தனை நிமிர்த்தினாலும் எதையோ பிடித்திருப்பதுபோல் அவை மடங்கியே இருந்தன. உயிரோடு இருந்தபோதும் பிடிவாதத்துக்குப் பேர்போன கைதான் அது.

"விடும்மா, நான் பாத்துக்கறேன்" என்று தையல் சித்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சொந்தச் சித்தி இல்லை. அம்மாவின் ஆயுட்காலத் தோழி. தன் வீட்டு வாசல் அறையில் மெஷின் போட்டுக் குடியிருப்புக்கே துணி தைப்பவள். விடியற்காலையில் அம்மாவின் மூச்சு நின்றதும் முதலில் ஓடி வந்தவள் அவள்தான். சேலை மாற்றிவிட்டது, தலை வாரிவிட்டது, வண்டிக்குச் சொன்னது எல்லாம் அவள். அப்பா எப்போதோ போய்விட்ட வீட்டில் மகளுக்குச் சாய்ந்துகொள்ள அந்த ஒரு தோள்தான் இருந்தது.

வாசலில் குடியிருப்பின் முன்வரிசை வீட்டுக்காரர்கள் மொத்தமும் கூடி நின்றார்கள். வந்தவர்கள் எல்லோரும் அம்மாவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னார்கள். திட்டு வாங்காதவர் ஒருவரும் இல்லை என்பதால் அந்தத் திட்டுகளையும் சொல்லிச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மகள் தலையை ஆட்டிக்கொண்டே கூட்டத்துக்குப் பின்னால் பார்த்தாள். மணி பத்தைத் தாண்டிவிட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு ஆள்கூட வரவில்லை.

குடியிருப்பில் மொத்தமே இரண்டு வரிசைதான். முன்வரிசை ரோட்டைப் பார்த்திருந்தது. பின்வரிசைக்குப் போக, சாக்கடைமேல் போட்ட பலகையைத் தாண்ட வேண்டும். மழை வந்தால் முன்வரிசையில் ஜன்னலைச் சாத்துவார்கள். பின்வரிசையில் கட்டிலைத் தூக்கிச் செங்கல்மேல் வைப்பார்கள். அம்மாவின் வீடு முன்வரிசையில் இருந்தாலும், அவள் கால் பாதி நாள் பலகைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. அவர்கள் வராமல் இருப்பதற்குக் காரணம் என்னவாக இருக்கும் என்று மகளுக்குப் பிடிபடவில்லை.

"பின்வரிசைக்கு யாரும் சொல்லலையா சித்தி?"

"சொல்லாம இருப்பாங்களா. வேலைக்குப் போயிருப்பாங்க, வருவாங்க" என்றாள் சித்தி, அம்மாவின் சேலை மடிப்பைச் சரிசெய்தபடி. மடிப்பு ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் முக்காலிகளை வட்டமாகப் போட்டுப் பேசும் கூட்டத்தை ஆரம்பித்தவள் அம்மா. தலைவர் நாற்காலி கிடையாது. வீட்டுக்கு ஒரு வாய். எல்லோரும் கை தூக்கினால்தான் முடிவு. ஒரு கை கீழே இருந்தாலும் மறுபடி முதலிலிருந்து பேச்சு. குழாய் எந்த மூலையில் வருவது என்று ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசியிருக்கிறார்கள். தூக்கம் தாங்காமல் கை தூக்கியவர்களும் உண்டு, சும்மா சொல்லக்கூடாது. வர முடியாதவருக்கும் வட்டத்தில் ஒரு முக்காலி உண்டு. இரண்டு பேர் அந்த முக்காலியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, கேட்டு வர வேண்டும். நின்றபடி கேட்டால் அவசரத்தில் ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவார்கள் என்பாள் அம்மா. ஒருவராகப் போனால் தனக்கு வேண்டியதைக் கேட்டு வந்துவிடலாம், இரண்டு பேர் என்றால் பொய் சொல்லக் கூச்சமாவது இருக்கும் என்பாள். பேச முடியாத நோயாளி என்றால் கையைப் பிடித்துக் கேட்பார்கள். அழுத்தினால் சரி என்று அர்த்தம்.

கூட்டத்துச் செயலாளர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நல்ல மனிதர். எதையும் இரண்டு தடவை சொல்வார் என்பதைத் தவிர வேறு குறை கிடையாது. அம்மாவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"எப்பேர்ப்பட்ட மனசும்மா. பேச்சு போன நேரத்துலயும் கூட்டத்துக்கு விட்டுக்குடுத்தாங்க பாரு. விட்டுக்குடுத்தாங்க."

"எதை விட்டுக்குடுத்தாங்க?"

"வீட்டு விஷயத்தைத்தான். முன்வரிசைய முதல்ல கட்டலாம்னு நாங்க கேட்டப்போ சரின்னு கையை அழுத்தினாங்களே. நீயும் அங்கதானேம்மா இருந்தே."

புது வீடு கட்டித்தர முன்வந்த அமைப்பு, இப்போதைக்கு ஒரு வரிசைதான் முடியும், எதை முதலில் கட்டுவது என்று நீங்களே பேசி முடிவுசெய்யுங்கள் என்று சொல்லியிருந்தது. தண்ணீர் புகும் வீடுகள் முதலில் என்று அம்மா பேசிப் பேசியே எல்லாக் கையையும் மேலே கொண்டுவந்திருந்தாள். இரண்டாவது வரிசைக்கு யார் எப்போது வருவார்கள் என்று தெரியாது என்பதால் முன்வரிசைக்கு அது லேசில் இறங்கவில்லை. அதற்கப்புறம்தான் அவளுக்குப் பக்கவாதம் வந்து, ஒரு பக்கமும் பேச்சும் போயின. மகள் படுக்கையை விட்டு நகரவில்லை. கூட்டம் மறுபடி கூடியதே அவளுக்குத் தெரியாது.

அந்தச் சாயங்காலம் மட்டும் நன்றாக நினைவிருந்தது. செயலாளர் பழப் பையோடு கட்டில் பக்கம் நின்றார். சித்தி ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்து, அம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காதருகே குனிந்து என்னவோ சொன்னாள். அம்மா அந்தக் கையை இறுக்கிப் பிடித்தாள். உடம்பு துடைக்க வெந்நீர் கொண்டுவந்த மகள் அதைப் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் எத்தனை பிரியமாக இருக்கிறார்கள் என்று நினைத்து, சத்தம் போடாமல் திரும்பிப் போனாள். அடுக்களையில் நின்று கொஞ்சம் அழக்கூடச் செய்தாள்.

செயலாளர் வெளியே போகும்வரை மகள் காத்திருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"சித்தி, அதுக்கு முந்தின நாள் நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்?"

சித்தியின் கை மறுபடி அம்மாவின் சேலை மடிப்புக்குப் போனது.

"எதுக்கெடுத்தாலும் அழுத்தறாங்கன்னு சொன்னேன்ல. டீ வேணுமான்னாலும் அழுத்தறாங்க, குழாய் ஒழுகுதுன்னாலும் அழுத்தறாங்கன்னு. கதவு சாத்தற சத்தத்துக்குக்கூட. நீங்களும் சிரிச்சீங்க."

"எனக்காகவா பண்ணினேன்?" என்றாள் சித்தி. "உன்னை நினைச்சுப் பாத்தேன். அவளும் போயிட்டா உனக்குன்னு என்ன இருக்கு? இந்த வீட்டு ஓடு எத்தனை நாளைக்குத் தாங்கும்? அவளுக்கு ஊரெல்லாம் புள்ளைங்க. சொந்தப் புள்ளை கண்ணுல பட்டதே இல்லை."

அதில் ஒரு துளி உண்மை இருந்ததுதான் மகளுக்கு அதிகம் வலித்தது. அறைந்திருந்தால்கூட இத்தனை எரிந்திருக்காது.

"பின்வரிசை எப்படி சம்மதிச்சுது?"

"அவளே சரின்னு சொன்னதா சொன்னோம். அப்புறம் யாரும் பேசலை."

சித்தி பழக்க தோஷத்தில் அம்மாவின் வலது கையைப் பிடிக்கப் போனாள். பாதியில் நிறுத்திக்கொண்டு தன் மடியிலேயே கையை வைத்துக்கொண்டாள்.

கதவோரம் அம்மாவின் முக்காலி இருந்தது. மகள் எழுந்து போய் அதைக் கையில் எடுத்தாள்.

"எங்கம்மா போறே? வண்டி வர்ற நேரம்."

"வராதவங்க வீட்டுக்கு. ரெண்டு பேரா போகணும். நீங்களும் வாங்க சித்தி. நடந்ததை நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க."

சித்தி அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மகள் காத்திருந்து பார்த்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே இறங்கினாள். பிணம் கிடக்க இவள் எங்கே முக்காலியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள் என்று முன்வரிசை வாய் பிளந்தது. யாரோ, பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள்.

பலகையைத் தாண்டியதும் முதல் வீடு சைக்கிள்காரருடையது. வேலைக்குப் போகவில்லை. வாசலில் ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பனியனோடு உட்கார்ந்து சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. அவள் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா போயிட்டாங்க."

"கேள்விப்பட்டோம்."

"நீங்க யாரும் வரலை."

அவர் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்தார். "வேற யாராவது சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்போம். உங்கம்மாவே சொன்னாங்கன்னதும் என்ன பேசறது? கை தூக்கிட்டு வந்துட்டோம். என் பொண்டாட்டி அன்னிக்கு ராத்திரி சாப்பிடலை. வீடு போனதுக்கு இல்லை."

"அம்மா சொல்லலைண்ணே. அவங்களுக்குக் கேள்வியே புரியலை. யாரு கையைத் தொட்டாலும் அழுத்திக்கிட்டிருந்தாங்க. அது தெரிஞ்சுதான் கேட்டிருக்காங்க."

"யாரு கேட்டது?"

மகளுக்கு அந்தப் பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை. அவர் வற்புறுத்தவில்லை. வழக்கப்படி அவளுக்குப் பின்னால் பார்த்தார்.

"தனியாவா வந்தே? ரெண்டாவது ஆளு?"

அவள் திரும்பினாள். பலகைக்கு அந்தப் பக்கம் தையல் சித்தி நின்றிருந்தாள். ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. ஒரு காலைத் தூக்கிப் பலகையின் நுனியில் வைத்தாள். மகள் தன்னையறியாமல் முக்காலியில் நகர்ந்து உட்கார்ந்தாள், அதில் இன்னொருவருக்கு இடமே இல்லை என்றாலும். அக்கம்பக்கத்து ஜன்னல்களில் ஒன்றிரண்டு முகங்கள் தெரிந்தன. சித்தி அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் அவள் கையால் அளவெடுத்த ஆட்கள்தான். பிறகு குனிந்து, செருப்பில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல் அதைத் தட்டினாள். நிமிர்ந்ததும் வந்த வழியே திரும்பி நடந்தாள்.

யார் கேட்டது என்று சைக்கிள்காரர் மறுபடி கேட்கவில்லை. கையிலிருந்த கிரீஸைக் கந்தையில் நிதானமாகத் துடைத்தார். கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். காலையில் துவைத்தது, இன்னும் காயவில்லை.

"எந்திரிம்மா" என்றார். "அடுத்த வீட்டுக்கு ரெண்டு பேரு வேணும்ல."

முக்காலியை அவரே வாங்கிக்கொண்டார். ஈரச் சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, அவர் முன்னால் போய்ப் பக்கத்து வீட்டு வாசலில் அதைப் போட்டுவிட்டுக் கதவைத் தட்டினார்.