நாற்பது தப்படி

மூன்று நாள் விடாமல் பெய்த மழை நான்காம் நாள் காலையில் ஒரு வழியாக ஓய்ந்தபோது, பட்டாளத்தாரின் வெங்காய வயலில் கீழ்ப்பாதி கணுக்கால் தண்ணீரில் நின்றது. பத்து நாளில் பிடுங்க வேண்டிய வெங்காயம். இன்றைக்குள் தண்ணீர் வடியாவிட்டால் நாளைக்கு அழுக ஆரம்பித்துவிடும்.

வடிய வழி இல்லாமலில்லை. பட்டாளத்திலிருந்து திரும்பிய வருடமே அவர் வயலுக்கு அடியில் குழாய் பதித்து ஓடைக்குத் திருப்பிவிட்டிருந்தார். முப்பத்தொரு வருடமாக அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. இப்போது எங்கோ வேர் புகுந்து அடைத்துக்கொண்டது. குழாயின் நடுவில் ஒரு சிமெண்டுத் தொட்டி உண்டு. அதன் மூடியைத் திறந்து நீளக் கம்பியை விட்டுக் குத்தினால் அடைப்பு எடுபட்டுவிடும். ஆனால் ஏர் இடிக்கக் கூடாதென்று தொட்டியை முழங்கால் ஆழத்தில் புதைத்திருந்தார். மேலே அடையாளம் எதுவும் கிடையாது.

புதைத்த அன்றைக்கே மனைவி சொன்னாள். "ஒரு கம்பாவது நட்டு வைங்க. நாளைப்பின்னே தேட வேண்டாம் பாருங்க."

"அடையாளம் வச்சா எதிரி பார்த்துருவான்."

"வெங்காயத்துக்கு யாருங்க எதிரி?"

பழக்கம் அப்படி. பதினேழு வருடம் கண்ணிவெடி புதைக்கிற, எடுக்கிற வேலை பார்த்தவர். ஒரு கல்லைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து இத்தனை தப்படி என்று எண்ணிப் புதைப்பதும், பிறகு அதே எண்ணிக்கையில் நடந்து போய் எடுப்பதும்தான் உத்தியோகம். ஒரு தப்படி இரண்டரை அடி, கூடாது, குறையாது. தொட்டியின் கணக்கும் தலைக்குள் பத்திரமாக இருந்தது. எல்லைக்கல்லுக்கு முதுகைக் காட்டி நின்று, ஓடைக்கரை ஒற்றை மரத்தைப் பார்த்து நாற்பது தப்படி.

நாற்பது வைத்தார். தோண்டினார். வெறும் சேறு.

கூடத் தோண்டியவர் மச்சான், மனைவியின் தம்பி. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் இருப்பது அவருடைய வயல்.

"அத்தான், இங்கே தொட்டி இல்ல. இன்னும் கொஞ்சம் தோண்டினா கிணறு வேணும்னா கிடைக்கும்."

"இடது பக்கம் தோண்டு. பார்வை சாய்ஞ்சிருக்கும்."

இடது பக்கமும் இல்லை, வலது பக்கமும் இல்லை. குழிகளில் தண்ணீர் ஊறி நிறைந்ததுதான் மிச்சம்.

"கொஞ்சம் முன்னாடி தள்ளிப் பார்ப்போமா?"

"முன்னாடி எதுக்கு? நாற்பதுன்னா நாற்பது. என் எண்ணிக்கை தப்புறதா இருந்தா நான் இன்னைக்கு ரெண்டு காலோட உன் முன்னாடி நிக்க மாட்டேன்."

மச்சான் அவருடைய இரண்டு கால்களையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பட்டாளத்தார் திரும்பி எல்லைக்கல்லைப் பார்த்தார். அதை ஒட்டிப் போன வருடம் மச்சான் போட்ட கம்பி வேலி பளபளவென்று நின்றது.

"வேலி போட்டப்போ ரெண்டாம் நாள் நான் வரல, இல்ல?"

"உங்களுக்குக் காய்ச்சல். அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல. இங்கேயிருந்து ரெண்டு தப்படி பின்னாடி தோண்டு."

மச்சான் மண்வெட்டியை ஓங்கியவர், ஓங்கிய கையோடு நின்றார். பின்னாடி என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கு மெல்லத்தான் பிடிபட்டது.

"அதாவது, கல்லு உங்க பக்கம் ரெண்டு தப்படி நகர்ந்திருக்கு. நான் நகர்த்தியிருக்கேன்."

"நான் அப்படிச் சொல்லல."

"நீங்க சொல்லாததுதான் அத்தான் எனக்கு நல்லாக் கேக்குது."

மண்வெட்டியைச் சேற்றில் குத்திவிட்டு வேலியைத் தாண்டிப் போய்விட்டார்.

மனைவி தேநீர்த் தூக்குடன் வந்தபோது பட்டாளத்தார் தனியாக ஐந்தாவது குழியில் நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போறான்?"

சொன்னார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லைக்கல்லிலிருந்து வரிசையாக வந்த அவருடைய கால் தடங்களைச் சேற்றில் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தொட்டி கட்டின அதே வருஷம்தானே மாட்டுக்கொட்டகையும் கட்டினீங்க? நீளம் எத்தனை தப்படி?"

"பத்து."

"வந்து நடங்க."

"எதுக்கு?"

"கொட்டகையை யாரும் நகர்த்தியிருக்க மாட்டாங்க. அதுக்குத்தான்."

நடந்தார். பத்து முடிந்தபோது கடைசித் தூண் இன்னும் தள்ளி நின்றது. பன்னிரண்டரையில் கை தொட்டது. திரும்பி வந்து, முதுகை நிமிர்த்தி, இடது காலை முதலில் வைத்து மறுபடி நடந்தார். பன்னிரண்டரை. பசு மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வைக்கோலுக்குத் திரும்பியது.

"இடுப்பு வலி வந்ததிலேருந்து இப்படித்தான்," என்றாள் மனைவி. "முன்னெல்லாம் உங்க கூட வர்றதுக்கு நான் ஓடணும். இப்போ நீங்க வர்றதுக்கு நான் அங்கங்கே நிக்கிறேன். ரெண்டு வருஷமாச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வீம்புக்கு மார்ச் பண்ணுவீங்க. அப்புறம் எண்ணெய் தேய்க்கிறது யாரு?"

அவர் தூணைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டார். பத்துக்குப் பன்னிரண்டரை என்றால் நாற்பதுக்கு ஐம்பது. கணக்கு எளிதாகத்தான் இருந்தது. தேநீரைக் குடிக்காமல் வேலியோரம் போனார்.

"மச்சான்."

மச்சான் தன் வரப்பில் குனிந்து மடை வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"மண்வெட்டியை விட்டுட்டு வந்துட்ட."

"வச்சுக்கங்க. கல்லை நகர்த்த உதவும்."

"கல்லு இருந்த இடத்துலதான் இருக்கு."

"அப்போ நகர்ந்தது யாரு?"

"நான்தான்," என்றார் பட்டாளத்தார். "கால் குறைஞ்சுபோச்சு. பத்து தப்படி முன்னாடி போகணும். உங்க அக்கா கண்டுபிடிச்சா."

மச்சான் நிமிர்ந்தார். பின்னால் வந்து நின்ற அக்காவைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார்.

"நான் அப்பவே முன்னாடின்னு சொன்னேன்."

"சொன்னே."

"கேட்டீங்களா?"

"கேக்கல. இப்போ வர்றியா, இல்ல இன்னும் திட்டணுமா? திட்டறதா இருந்தா தோண்டிக்கிட்டே திட்டு. வெங்காயம் முழுகுது."

தோண்டிக்கொண்டே திட்டினார். பாதித் திட்டில் மண்வெட்டி ணங்கென்று இடித்தது.

மூடியைத் திறந்து மூன்று பேருமாகக் கம்பியை விட்டுக் குத்தியதில், தலைமுடிக் கற்றை மாதிரி ஒரு வேர்ப் பந்து வெளியே வந்தது. குழாய் ஒருமுறை ஏப்பம் விட்டது. பிறகு தண்ணீர் ஓட ஆரம்பித்தது. மத்தியானம் பாத்தி வரப்புகள் தலைகாட்டின. சாயங்காலம் வெங்காயத் தாள்களின் அடி தெரிந்தது. ஓரத்து இரண்டு பாத்தி போனது போனதுதான். மற்றது பிழைத்தது.

தொட்டியை மூடி மண்ணைத் தள்ளியபின் பட்டாளத்தார் கொட்டகையிலிருந்து ஓர் இரும்புக் குழாயைக் கொண்டுவந்தார். இடுப்பு உயரம் மேலே தெரியும்படி அதை மூடிக்குப் பக்கத்தில் அடித்து இறக்கினார்.

"எதிரி பார்த்துருவான், அத்தான்."

"பார்க்கட்டும். நீ இங்கே ஏர் ஓட்ட வரும்போது பார்த்து ஓட்டு."

மனைவி தூக்கை எடுத்துக்கொண்டாள். "கல்லுலேருந்து எவ்வளவு தூரம்னு வீட்டுச் சுவத்துல எழுதி வச்சிரட்டுமா? அம்பது தப்படின்னு?"

"நூறடின்னு எழுது," என்றார். "தப்படின்னு எழுதாத."