உப்பு போட்ட பாத்தி

தோல் ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டி வேலையை விடப்போவதாகக் கன்னியப்பன் சொன்ன சேதி, ஏதோ ஜமீன்தார் பட்டம் துறந்த மாதிரி ஆம்பூர்த் தோல் மண்டி முழுக்கப் பரவியது. பரவாமல் என்ன செய்யும்? ஒவ்வொரு தொட்டியாகப் போய் அவனேதான் சொன்னான். தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிற பெண்களிடம் இரண்டு தடவை சொன்னான். வாசலில் படுத்திருந்த நாயிடமும் சொல்லத்தான் போனான், அது எழுந்து போய்விட்டது.

சீமை யுத்தம் முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. மீசை முளைக்குமுன்னே தொட்டியில் இறங்கியவன் அவன். அவன் மேல் வீசிய வாடைக்கு ரயில் எஞ்சினே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆம்பூரைத் தாண்டும் என்பார்கள். வாடையாவது போகட்டும். சுண்ணாம்பு அவன் விரல்களைத் தின்றுவிட்டிருந்தது. பாதி விரல்களில் நகம் இல்லை, சிவந்த சதைதான் மிச்சம். சோற்றைப் பிசைந்தால் பருக்கையில் ரத்தம் ஒட்டும். இன்னும் ஒரு வருஷம் அதில் நின்றால் கை எதற்கும் உதவாது என்பான். அவன் அடித்த ஜம்பங்களில் இது ஒன்றுதான் ஜம்பம் இல்லை.

"வெங்காயம் வெக்கப் போறியாமே? நீ உரிச்சா வெங்காயம்தான்டா அழுவும்" என்றார் மேஸ்திரி ரத்தினசாமி.

"அழுவட்டும் மேஸ்திரி. தை மாசம் வந்து பாருங்க. ஒவ்வொண்ணும் தேங்கா தண்டி இருக்கும். வண்டில ஏத்த ரெண்டு ஆளு வேணும்."

"ஒரு வெங்காயத்துக்கா?"

"ஒண்ணுக்குத்தான்."

நிலம் அஜீஸுன்னிசா பீவியுடையது. பாலாற்றங்கரையில் கிணற்றோடு ஒரு துண்டு. கணவர் போன பிறகு அந்த அம்மாளே வெயிலில் குடை பிடித்துக்கொண்டு வந்து வரப்பில் நின்று பயிர் பார்ப்பார்.

"இந்த ஒரு போகம் செஞ்சி காட்டு கன்னியப்பா. நல்லா வந்துச்சின்னா நிலம் உங்கிட்டயே பங்கு வாரத்துக்கு இருக்கட்டும். இல்லேன்னா வேற ஆளு பாத்துக்குவேன். பேஜார் பண்ணிக்காதே."

"பண்ணிக்க மாட்டேம்மா" என்றான் கன்னியப்பன். அந்த நிலம் கிடைத்துவிட்டால் சாகும்வரை தொட்டிப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம்.

அவன் பெண்டாட்டி முனியம்மா கலவை ஊர்ப் பக்கம் பயிர் செய்கிற வீட்டில் பிறந்தவள். அண்ணன் கொடுத்த விதை வெங்காயத்தைக் கொத்துக் கொத்தாகக் கட்டி, கோடை முழுக்க அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டிருந்தாள். ஐப்பசி பிறந்ததும் இருவரும் மண்ணை மேடாக்கிப் பார் பிடித்து ஊன்றினார்கள். அவள் வரிசை நூல் பிடித்தது போல் ஓடியது. அவன் வரிசை பாலாறு மாதிரி நெளிந்தது. ஆனாலும் முளைத்தது. பச்சைத் தாள் விரல் நீளம் வந்ததும் கன்னியப்பன் தெருவில் போகிறவர்களை இழுத்து வந்து காட்டினான்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. என்ன மழை! மணலாய்க் கிடக்கும் பாலாற்றில் தண்ணீர் வந்ததைப் பார்த்து, இது வேறு எந்த ஊர் ஆறோ என்று கிழவர்களே குழம்பிப்போனார்கள். பாத்தியெல்லாம் குளம். ஒரு செடியைப் பிடுங்கி மோந்து பார்த்தான் கன்னியப்பன். அழுகல். அந்த வாடையை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"பாதியாவது தேறும் மாமா" என்றாள் முனியம்மா. "கரைய வெட்டி வுடு, தண்ணி வடிஞ்சிரும். நான் கலவைக்குப் போயி அண்ணங்கிட்ட இன்னங்கொஞ்சம் வெதை வாங்கியாறேன். போன எடத்துல மறுபடி ஊனிக்கலாம். நீ வேற ஒண்ணும் பண்ணாத, சும்மா இரு."

கரையை வெட்டினான். தண்ணீர் வடிந்தது. சும்மா இருப்பதுதான் ஆகவில்லை.

தோல் அழுக ஆரம்பித்தால் மண்டியில் என்ன செய்வார்கள்? உப்பு போடுவார்கள். வடக்கே எங்கோ உரித்த தோல் வண்டி வண்டியாய் ஆம்பூர் வந்து சேர்கிறவரை கெடாமல் இருக்கிறதே, உப்பால்தானே! அந்தத் தோலை உதறினால் கொட்டுகிற பழுப்பு உப்பு மண்டியின் பின்னால் மலையாகக் குவிந்து கிடந்தது.

"அள்ளிக்கினு போ" என்றார் மேஸ்திரி. "எங்க கொட்டறதுன்னு தெரியாம நாங்களே முழிக்கிறோம். எதுக்குடா?"

"வைத்தியத்துக்கு மேஸ்திரி."

கூடை கூடையாகச் சுமந்தான். வெந்த விரலில் உப்பு பட்ட இடமெல்லாம் நெருப்பாய் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு செடியின் தூரிலும், பிள்ளைக்குப் பவுடர் போடுவது போலப் பார்த்துப் பார்த்துத் தூவினான். அழுகாத செடிகளையும் விடவில்லை. அவற்றுக்குத்தான் ஜாஸ்தி போட்டான், இனியும் அழுகக்கூடாதே என்று.

முனியம்மா விதைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பியபோது நல்ல வெயில். பாத்தி முழுக்க வெள்ளை பூத்திருந்தது. ஒரு தாள் நிமிர்ந்து நிற்கவில்லை. கூடையை இறக்காமலே குனிந்து மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"இன்னா மாமா போட்ட?"

"உப்பு. அழுவக் கூடாதுன்னு."

"அது தோலுக்கு மாமா. தோலு செத்தது. இது உசுரோட இருந்துச்சே!"

அவன் சாய்ந்த தாள் ஒன்றை நிமிர்த்தி நிறுத்தப் பார்த்தான். "தண்ணி கட்டி அலசிப் பாக்கலாமா?" என்றான்.

"அலசுனா எங்க போவும்? கெணத்துக்குள்ளதான் எறங்கும். அந்தத் தண்ணியத்தான மறுபடி எறைக்கணும்?"

இருந்தும் அவன் இறைத்தான், அடுத்த நாளும் இறைத்தான். வெயில் வந்ததும் வெள்ளை திரும்பப் பூத்தது. பீவி வந்து குடையை மடக்கி, அதன் நுனியால் மண்ணைக் கிளறிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"எத்தினி வருஷம் ஆவுமோ இது திரும்ப" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "போய்ட்டு வா கன்னியப்பா."

விதை வெங்காயம் குடிசை மூலையில் கூடையோடு முளைவிட்டது. ஊன்ற மண் கொடுப்பார் யாருமில்லை. முனியம்மா அதைப் பார்க்காமல் இருக்க மேலே ஒரு சாக்கைப் போட்டாள். பச்சை சாக்கையும் துளைத்துக்கொண்டு வந்தது.

அடுப்பு அணைந்து கிடந்த ஒரு காலையில் இருவரும் மண்டி வாசலில் போய் நின்றார்கள். ரத்தினசாமி கன்னியப்பன் கையைப் புரட்டிப் பார்த்தார். உப்பும் சேர்ந்து தின்றதில் எலும்பு தெரிந்தது.

"இந்தக் கைய வெச்சிக்கினு இன்னாடா பண்ணுவ? உன் எடத்துக்கு ஆளும் வந்தாச்சி" என்றார். பிறகு முனியம்மாவைப் பார்த்தார். "நீ வர்றியாம்மா? ஊறுன தோலுல மயிரு வழிக்கணும். பொம்பளைங்க செய்றாங்க."

கன்னியப்பன், "வேணாம் மேஸ்திரி, அவளுக்குப் பழக்கமில்ல" என்று ஆரம்பித்தான். முனியம்மா அதற்குள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டிருந்தாள். தொட்டி ஓரம் வரை அவன் கூடவே போனான். வெள்ளைச் சுண்ணாம்புத் தண்ணீரில் தோல்கள் மிதந்தன. அவள் கையை நீட்டி, தண்ணீருக்கு மேலேயே நிறுத்தினாள்.

"எரியுமா மாமா?"

"மொதல்ல எரியாது" என்றான்.