ராகுகாலத்தில் கராத்தே

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு வரைக்கும் ஒரு கல்யாண மண்டபம் சும்மா கிடக்கிறதென்றால் ஏதாவது காரணம் இருக்கும் என்று ஸ்வர்ணலதாவுக்குத் தோன்றவே இல்லை. வாரத்துக்கு ஆறு நாள் ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டையில் செல்போன் பொருத்துகிற வேலை. மிச்சமிருக்கும் ஒரு நாளில் ஆந்திர எல்லையிலிருக்கும் சத்தியவேட்டுப் பெண்களுக்குக் கராத்தே சொல்லித்தரணும் என்பது ரெண்டு வருஷத்து ஆசை. திருப்பதியில் காலேஜ் படிக்கும்போதே பிளாக் பெல்ட் வாங்கியவள். அந்த பெல்ட் பீரோவில் புடவைகளுக்கு நடுவே மடிந்து கிடப்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்காது.

மண்டபத்துக்காரர் நாகபூஷணம் சாப்பாட்டுக் கூடத்தை அந்த நேரத்துக்குத் தருகிறேன் என்று சாவியையும் கொடுத்துவிட்டார். ஒரே நிபந்தனை: முதல் நாளே பத்துப் பேராவது வரணும். இல்லையென்றால் பந்தல்காரனுக்குச் சாமான் போட விட்டுவிடுவார். அவன் ஏற்கெனவே வந்து அளந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். பத்தென்ன, இருபதே வருவார்கள் என்று இவள் வாய்ச்சவடால் அடித்துவிட்டு வந்தாள்.

ஒரு பக்கம் தெலுங்கு, ஒரு பக்கம் தமிழ் என்று நோட்டீஸ் அடித்துக் கம்பெனி பஸ்ஸில் கொடுத்தாள். அவளோடு ஒரே லைனில் வேலை செய்யும் யசோதா முதலில் பேர் கொடுக்க, அவளைப் பார்த்து இன்னும் பதினாலு பேர் கொடுத்தார்கள். மறுநாளே ஒவ்வொருத்தியாக நழுவ ஆரம்பித்தார்கள். ஒருத்திக்கு மாமியார் வேண்டாமென்றாளாம், ஒருத்திக்கு நைனா. கடைசியில் யசோதாதான் போட்டு உடைத்தாள்.

"நாயித்துக்கெழம நாலரை ராவுகாலம்டீ. புதுசா ஒரு காரியத்த எவளாவது அப்ப ஆரம்பிப்பாளா? அதனாலதான் மண்டபம் காலியா கீது."

அடக் கடவுளே! காலண்டரில் லீவைப் பார்த்த மகராசி, அதே தாளில் பொடி எழுத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை. நேரத்தை மாற்றலாமென்றால் மற்ற நேரமெல்லாம் மண்டபத்தில் கல்யாணம், காதுகுத்து, சீமந்தம். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நாகபூஷணம் வீட்டில் இல்லை. அவர் சம்சாரம் பொன்னியம்மாதான் இருந்தாள். நடந்ததையெல்லாம் கேட்டவள் சாவியைக் கையில் வாங்கவே இல்லை.

"ஆகாத நேரத்துல ஊருக்குப் போறவங்க இன்னா பண்றாங்க? நல்ல நேரத்துலயே பையை எத்துக்கினு போயி பக்கத்து வூட்ல வெச்சிடறாங்க. அப்பவே கெளம்பினாப்போலதான். நீயும் முன்னாடியே ஆரம்பிச்சுடு. நாயித்துக்கெழம நடக்கறது ஆரம்பமில்ல, பாக்கி."

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி, சுக்கிர ஓரை. கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்களைக் கிழக்கே பார்க்க வரிசையாக நிறுத்தினாள் ஸ்வர்ணலதா. டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டு ஆளுக்கு ஒரு குத்து, ஒரு உதை. டீக்கடையில் நின்றவர்கள் டீயை மறந்துவிட்டார்கள். எப்போதும் ஹாரன் அடித்தே ஆளைக் கொல்லும் பஸ் டிரைவர் அன்றைக்கு ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். நல்ல நேரத்தில் ஆரம்பித்தாயிற்று என்று வீட்டுக்கு வீடு சேதி போனது. பாதி மாமியார்கள் ஒப்புக்கொண்டார்கள். மீதிப் பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு யசோதாவையும் சேர்த்து ஒன்பது பேர். நாலே முக்காலுக்கும் அதே ஒன்பது. ஸ்வர்ணலதா வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாகபூஷணம் வந்தார். அந்த நேரத்தில் உள்ளே கால் வைக்க அவருக்கு மனசு வரவில்லை. வெளியிலேயே நின்று, கழற்றிப் போட்டிருந்த செருப்புகளை எண்ணினார். ஸ்வர்ணலதாவுடையதைத் தள்ளிவிட்டு ஒன்பது ஜோடி. ரெண்டாந்தரமும் எண்ணினார். தப்பா நினைச்சுக்காதேம்மா என்று அவர் ஆரம்பிக்கும்போதே பின்னாலிருந்து பொன்னியம்மா வந்தாள். தன் செருப்பைக் கழற்றி அந்த வரிசையின் கடைசியில் விட்டாள்.

"இப்ப எண்ணுங்க," என்றாள்.

மனுஷன் எண்ணவில்லை. பொன்னியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு யசோதாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஸ்வர்ணலதாவுக்குக் கண் கலங்கிவிட்டது, கலங்கினால் கலங்கட்டும் என்று முதல் குத்துக்கு "ஒன்று!" எனக் குரல் கொடுத்தாள். பத்துக் கையும் ஒரே நேரத்தில் நீளவில்லை. ஆனாலும் பத்தும் நீண்டன.