இரவல் வியாபாரி

பவளக்காரத் தெருவில் வரலாறு இல்லாத வீட்டுக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிக்கொள்வார்கள். தயிருக்கு உறை கேட்பது மாதிரிதான். விளக்கு வைப்பதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற தெய்வநாயகம் மட்டும் கேட்டதே இல்லை. மனிதருக்குக் கூச்சம் ஜாஸ்தி. மனைவி போன பிறகு ஞாயிறுதோறும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். பழைய வீடுகளைப் பார்க்க வரும் கூட்டம், அவர் வீட்டு மொசைக் தரையைப் பார்த்ததும் விறுவிறுவென்று தாண்டிப் போய்விடும். யாராவது ஒருத்தர் படியேறி வந்து பேச மாட்டார்களா என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது.

கடைசியில் வெட்கத்தை விட்டுப் பக்கத்து வீட்டு மெஹருன்னிசாவிடம் போய் நின்றார். அந்த அம்மாளிடம் வரலாறு மாடி வரைக்கும் அடைந்து கிடந்தது. கப்பலுக்காகக் காத்திருந்தே செத்துப்போன பவள வியாபாரி ஒருவரைக் குடையோடு அனுப்பிவைத்தார்.

அந்த ஞாயிறு வீடு கொள்ளாத கூட்டம். கைடு பெண் வியாபாரியின் கதையை உருகி உருகிச் சொன்னாள். தெய்வநாயகம் எல்லாருக்கும் மோர் கலக்கி வைத்திருந்தார். அவரை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். படத்தில் விழுகிறாராம்.

கூட்டம் போனதும் வியாபாரி மட்டும் மோரைக் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, "நீங்க சாப்ட்டீங்களா?" என்று கேட்டார்.

அந்த வீட்டில் அதைக் கேட்க ஆளில்லாமல் வெகுகாலம் ஆகியிருந்தது. விளக்கு வைத்த பிறகும் தெய்வநாயகம் வியாபாரியைத் திருப்பி அனுப்பவில்லை. மெஹருன்னிசாவிடம் போய், இவர் என்னோடே இருந்துவிடட்டும் என்று கேட்டுக்கொண்டார்.

"தாராளமா வெச்சுக்குங்க நாயகம் சார். ஆனா எம் மாடி காலியாக் கெடக்கே. அவருக்குப் பதிலா நீங்க வந்து நில்லுங்க."

நியாயமாகத்தான் பட்டது. தெய்வநாயகம் மாற்றுச் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். மறு ஞாயிறு கைடு பெண் மாடியில் கூட்டத்தை நிறுத்தி, யாராவது வந்து பேசுவார்கள் என்று காத்திருந்தே காலத்தைக் கழித்தவர் இவர் என்று உருகி உருகிச் சொன்னாள். எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் கூட்டம் இறங்கிவிட்டது.

மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர் வீட்டுக் கூடம் தெரியும். மத்தியானம் அங்கே ஃபோன் அடித்தது. பிரிஸ்பேனில் இருக்கும் மகள் எப்போதாவது கூப்பிடுவாள். வியாபாரி எடுத்தார்.

"நல்லாருக்கேம்மா. மாத்திரையெல்லாம் போட்டாச்சு," என்றார்.

மகள் கேட்ட எல்லாவற்றுக்கும் அவர் சரியாகவே பதில் சொன்னார். இரண்டு பேரும் நெடுநேரம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.