‘துணை’யிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை

ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டில்களின் விரிப்புகள் இஸ்திரி உருளையைத் தாண்டிச் சுடச்சுட வந்து விழும். ஆளுக்கு இரண்டு முனைகளைப் பிடித்து உதறி, நெருங்கி வந்து சேர்த்து, விலகி, மறுபடி நெருங்க வேண்டும். அதனால் அந்தச் சலவை ஆலையில் மடிப்பு மேசைக்காரர்களின் பேச்சு துண்டு துண்டாகத்தான் நடக்கும். நெருங்கும்போது ஒரு வாக்கியம், விலகும்போது மௌனம். உருளையின் இரைச்சலில் தள்ளி நின்று பேசினால் எதுவும் காதில் விழாது. அந்த மேசையில் ஒரு முனையைப் பிடிக்கிறவள் அவள். அவளுக்கு இது பிடித்திருந்தது. பதில் சொல்லும் முன் யோசிக்க ஒரு விரிப்பின் நீளத்துக்கு அவகாசம் கிடைத்தது.

எதிர்முனையில், துப்பு என்று எல்லோரும் கூப்பிடும் பெரியவர். அவருடைய சொந்தப் பெயரைச் சம்பளம் போடுகிறவர்கூட மறந்திருந்தார். சம்பளம் குறைந்தால் எல்லோரும் கேட்பார்கள். சரியாக வந்தாலும் ஏன் சரியாக வந்தது என்று கேட்பவர் துப்பு.

ஊழியர் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த மேடம் ஒரு காலையில் எல்லோருடைய போனிலும் ‘துணை’ என்ற செயலியை ஏற்றிவிட்டாள். சின்ன வயதுப் பெண். ஈரத் தரையில் வழுக்காமல் நிற்கப் பழகாத செருப்பு. “இது உங்களை அளக்கறதுக்கு இல்ல. உங்களுக்கு என்ன தேவைன்னு கேக்கும். அத வச்சுத்தான் இனிமே ஷிப்ட் போடும், சாமான் வாங்கும்” என்றாள்.

டீ இடைவேளையில் துப்பு தீர்ப்புச் சொன்னார். “ஒரு மின்விசிறிக்கு எத்தன வருஷம் அலஞ்சோம்? அப்பல்லாம் காது கேக்கல. இப்ப தானா வந்து என்ன வேணும்னு கேக்குது. கடன் கேக்க வந்த சொந்தக்காரன் மாதிரி சிரிக்குது. எனக்கு இந்தச் சிரிப்பு பிடிக்கல.”

“உங்களுக்கு எந்தச் சிரிப்புண்ணே பிடிச்சிருக்கு?” என்றாள் துவைப்புப் பிரிவு அக்கா.

சிரித்தார்கள். ஆனால் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது ஒரே ஆள்தான். ஈரத்துணி தூக்குகிறவர். முதுகு வலிக்கிறது என்று முந்தைய மேலாளரிடம் போய்ச் சொன்னார். மேலாளர் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அவ்வளவு அன்பாகக் கேட்டுக்கொண்டார். ஒப்பந்தம் முடிந்தபோது மற்ற எல்லோருக்கும் புதுப்பித்தார்கள், அவருக்கு இல்லை. அந்த அன்பை யாரும் மறக்கவில்லை.

“அதனால எல்லாரும் ஒரே பதில்” என்றார் துப்பு. “எது கேட்டாலும் எல்லாம் வசதிதான்னு போட்டுடுங்க.”

எல்லோரும் தலையாட்டினார்கள். அவளும்.

அவள் வீட்டில் கணவன் இருந்தான். குளியலறையில் விழுந்த நாளிலிருந்து அவனுடைய வலது பக்கம் அவன் சொல்வதைக் கேட்பதில்லை. பேச்சு பாதிச் சொற்களாக வரும். தனியே விட முடியாது. திடீரென்று பழைய ஞாபகத்தில் எழுந்து நடக்கப் பார்ப்பான். கொழுந்தன் டாக்சி ஓட்டுகிறவன். சாயங்காலம்தான் வண்டியை எடுப்பான். பகல் முழுவதும் அண்ணனின் கட்டிலை ஒட்டிப் பாய் விரித்துத் தூங்குவான், அசைவு கேட்டால் எழுந்துவிடுவான். அவள் வீடு திரும்பியதும் அவன் கிளம்புவான். ஆகவே அவளுக்குக் காலை ஷிப்ட் மட்டும்தான் முடியும். பழைய சூப்பர்வைசர் அவள் தெருக்காரர். ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல், ஒவ்வொரு வாரமும் அவளைக் காலையிலேயே போட்டுவந்தார். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது ஷிப்ட் போடுவது ‘துணை.’

அது முதலில் ஷிப்டைப் பற்றிக் கேட்டது. எதுவானாலும் வசதி என்று போட்டாள். கொஞ்ச நாள் கழித்து, பஸ்ஸில் போகும்போது இன்னொரு கேள்வி வந்தது. ‘வீட்டில் உங்களை நம்பி யாராவது இருக்கிறார்களா?’

அவள் கேள்வியை இரண்டு முறை படித்தாள். எல்லோரிடமும் கேட்கிறதா, என்னிடம் மட்டுமா? இடைவேளையில் வீட்டுக்குப் போன் செய்வதை எண்ணிக்கொண்டிருக்கிறதா? போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். இறங்கும் இடம் வரும்வரை அப்படியே இருந்தாள். பிறகு எடுத்து ‘இல்லை’ என்பதைத் தொட்டாள். அன்று கணவனுக்குச் சாப்பாடு ஊட்டும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உயிரோடு இருக்கிறவனை இல்லை என்று எழுதிக் கொடுத்தது போலிருந்தது.

ஆலையில் சின்னச் சின்ன மாற்றங்கள் வந்தன. உருளை அருகே நிற்பவனின் காலடியில் ரப்பர் விரிப்பு. துவைப்புப் பிரிவு அக்காவுக்கு முழங்கைவரை வரும் கையுறை. மடிப்பு மேசைக்குப் பக்கத்தில் ஓர் உயரமான நாற்காலி. உருளை நிற்கும் நேரங்களில் துப்பு அதில் உட்கார்ந்தார்.

“இது எங்கருந்துண்ணே வந்தது?”

“யாரோ கொண்டாந்து வச்சாங்க. அடியில எதுவும் ஒட்டியிருக்கான்னு தடவிப் பாத்துட்டுத்தான் உக்காந்தேன்.”

அவள் நம்பினாள். அவர் சொன்னால் தடவிப் பார்த்திருப்பார்.

அடுத்த மாதத்துக்கான ஷிப்ட் வந்தபோது அவள் பெயர் மாலையில் இருந்தது. மாதம் முழுவதும்.

ஊழியர் அலுவலகத்தில் மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். அவள் தண்ணீரைத் தொடவில்லை.

“நீங்க எதுவானாலும் வசதின்னு சொல்லியிருக்கீங்களேக்கா. அது நீங்க சொன்னத நம்பிடுச்சு.”

“எல்லாரும் அதைத்தானே மேடம் போட்டோம்?”

மேடம் திரையைப் பார்த்தாள். யார் என்ன சொன்னார்கள் என்று அவளிடம் சொல்லக் கூடாது என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. “உங்க பிரிவுல எதுவுமே கேக்காதவங்க நீங்க ஒருத்தங்கதான்க்கா.”

 சுவருக்கு அந்தப் பக்கம் உருளை ஓடும் அதிர்வு மேசைவரை வந்தது. டீக் குவளைகளைச் சுற்றி ஆடிய அத்தனை தலைகளையும் அவள் ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டாள். இயந்திரத்தைச் சந்தேகிப்பதில் அவள் எந்தக் குறையும் வைக்கவில்லை. மனிதர்களைச் சந்தேகிக்கத்தான் மறந்துபோனாள்.

“இப்ப சொன்னாக்கூட மாத்தலாம்” என்றாள் மேடம். “யாராவது சம்மதிக்கணும், அவ்வளவுதான். என்ன பிரச்சனைக்கா?”

“யோசிச்சுச் சொல்றேன்.”

திரும்பி வந்து விரிப்பின் முனைகளை எடுத்தாள். உதறினாள். நெருங்கினாள்.

“நாற்காலி நீங்க கேட்டதா?”

துப்பு விலகினார். மறுபடி வந்தபோது, “மூட்டு வலி” என்றார்.

“வேற?”

விலகினார்கள். அந்த விரிப்பு முடிந்து அடுத்தது பாதி மடிந்த பிறகுதான் வாய் திறந்தார். “இருட்டினா கண்ணு சரியாத் தெரியல. சைக்கிள்ல போறவன். மாலை ஷிப்ட் வேணாம்னு போட்டேன்.”

“நீங்கதானே எங்க எல்லார் வாயையும் கட்டினீங்க?”

“கட்டினேன்.” முனைகளைச் சேர்த்தார். “என் பேச்ச யாரும் கேக்கமாட்டாங்கன்னுதான் சொன்னேன். எல்லாரும் திருட்டுத்தனமாக் கேட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். நீயும் கேட்டிருப்பேன்னு நெனச்சேன்மா.”

அவள் அடுத்த விரிப்பை எடுத்தாள். விரிப்புகள் மட்டும் ஒழுங்காக மடிந்தன.

வீட்டில், கணவன் தூங்கிய பிறகு, போனை எடுத்து ‘துணை’யில் எல்லாவற்றையும் எழுதினாள். விழுந்தது, வலது பக்கம், கொழுந்தன், டாக்சி. எழுதி முடித்ததும் தெருவில் துணியில்லாமல் நிற்பது போலிருந்தது. ‘இது யாருக்குத் தெரியலாம்?’ என்று கேட்டது. யாருக்கும் வேண்டாம் என்று போட்டாள். யாருக்கும் என்றால் அதற்குள் அதுவும் அடங்குமா என்று யோசித்தபடி படுத்தாள்.

ஷிப்ட் மாறிவிட்டது. ‘உங்கள் பிரிவில் ஒருவர் சம்மதித்தார்’ என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லவில்லை. புது மாதம் தொடங்கியபோது எதிர்முனையில் வேறு ஆள் நின்றான். துப்பு மாலைக்குப் போயிருந்தார்.

“மாலைக்கு வந்தா சம்பளத்துக்கு மேல தனிப்படி உண்டே” என்றாள் துவைப்புப் பிரிவு அக்கா, கையுறையைக் கழற்றிக்கொண்டே. “மனுஷன் கணக்குப் போடாம ஒரு அடி எடுத்து வைப்பாரா?”

அப்படித்தான் இருக்கும் என்று அவளும் நினைத்தாள். அப்படி இருந்தால் நிம்மதி. நன்றி சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சைக்கிளும் இருட்டும் மனதைவிட்டுப் போகவில்லை.

வேலை முடிந்து அவள் வெளியேறும்போது துப்பு வாசலில் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“தனிப்படிக்காகவாண்ணே?”

“அப்படியே வச்சுக்க.”

“எனக்காகன்னு துணை சொல்லிச்சா?”

“ஒருத்தருக்குக் காலை தேவைன்னுச்சு. யாருன்னு கேட்டேன், சொல்லமாட்டேன்னுடுச்சு. அன்னிக்குத்தான் அது மேல எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்துச்சு.”

“அப்ப எப்படித் தெரியும்?”

“மத்தியானம் தாண்டினா நீ வாசலப் பாத்துக்கிட்டே மடிப்ப. உன் பக்கத்து முனை தொங்கும். நான் இழுத்துச் சேத்துக்குவேன். வீட்ல யாரோ இருக்காங்கன்னு அதுக்கு மேல துப்பு வேணுமா?”

அவரை உற்றுப் பார்த்தாள். உண்மையாக இருக்கலாம். பழைய சூப்பர்வைசர் சொல்லியிருக்கலாம். போன் சொல்லி, அதை இவர் மறைக்கலாம். எதையும் அந்த முகத்திலிருந்து எடுக்க முடியவில்லை.

“ராத்திரி எப்படிப் போவீங்க?”

“மருமகன் வருவான்.”

அவர் மருமகனோடு பேச்சுவார்த்தையே இல்லை என்பது ஆலை முழுக்கத் தெரியும்.

“என் கொழுந்தன் டாக்சி ஓட்டறான். உங்க வேலை முடியற நேரத்துக்கு வந்து நிப்பான். சைக்கிள டிக்கில போட்டுக்கலாம்.”

“மீட்டர் போடுவானா?”

“மாட்டான்.”

“அப்ப எதுக்கு வரணும்?”

“சும்மாதாண்ணே.”

“சும்மா எவன்மா வருவான்?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் கொழுந்தன் பாயை விரித்துக்கொண்டிருந்தான். அவள் புறப்படாமல் நின்றாள்.

“அவர் வந்தாரா?”

“வந்தார் அண்ணி. முதல்ல வண்டிய ஒரு சுத்து சுத்திப் பாத்தார். அப்புறம் நம்பர யாருக்கோ போன்ல படிச்சுக் காட்டினார். லைசென்ஸ் கேட்டார்.”

“ஏறினாரா?”

“பின்சீட்ல, கதவுக் கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டே.” கொழுந்தன் கொட்டாவி விட்டான். “இறங்கும்போது நாளைக்கும் வருவியான்னு கேட்டார். வருவேன்னேன். ஏன்னு கேட்டார்.”