மிச்ச மருந்து

பிரிட்ஜின் கீழ்க்கதவை யாரும் திறந்துவிடாதபடி சுனில்டா அதன்மேலேயே சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைத் தேநீர் குடிக்க ஐஸ் கேட்டு ஒவ்வொருவராகச் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார்கள். பராகுவே நாட்டில் ஜனவரிதான் உச்சக் கோடை, அந்த மாதத்து வில்லாரிக்காவில் ஐஸ் இல்லாமல் உட்கார்ந்து அழக்கூட முடியாது. அவள் மேல்கதவை மட்டும் கொஞ்சமாகத் திறந்து, ஐஸை அள்ளி, நீட்டிய குவளைகளில் போட்டு அனுப்பினாள்.

"விடும்மா, நான் எடுத்துக் குடுக்கறேன். நீ போய் அண்ணன் பக்கத்துல உக்காரு" என்றாள் எதிர்வீட்டு ப்ளாசிதா. அந்தத் தெருவில் எந்தச் சாவானாலும் முன்நின்று ஜபம் சொல்கிறவள் அவள்தான்.

"நான் இங்கயே இருக்கேன்."

"தாங்க முடியல இல்ல உனக்கு. மூஞ்சில பொட்டு ரத்தம் இல்ல பாரு."

ப்ளாசிதா சொன்னதில் ரத்தம் பற்றிய பகுதி மட்டும் உண்மை. சுனில்டாவுக்குப் போன வாரம் வந்த தீட்டு இன்னும் நிற்கவில்லை. கறுப்புப் பாவாடைக்குள் ஒரு துண்டை நான்காக மடித்து வைத்திருந்தாள். துக்கத்துக்குக் கறுப்பு உடுத்த வேண்டும் என்று ஏற்படுத்திய புண்ணியவான் யாரென்று தெரிந்தால் அவர் காலில் விழுந்திருப்பாள். நாற்காலியில் உட்கார பயம். நின்றால் கண் இருட்டியது. சாய்ந்து நிற்க ஒரு பிரிட்ஜ் கிடைத்ததே பெரிய விஷயம்.

முன்னறையில் அண்ணன் டெர்லிஸ் சவப்பெட்டிக்குள் சௌகரியமாகப் படுத்திருந்தான். பிறவியிலேயே ரத்தம் உறையாத வியாதி அவனுக்கு. முழங்கால் வீங்கும், முழங்கை வீங்கும், பல் ஆடினால் வீடே ஆடும். இரண்டு நாள் முன்பு தலைநகர் அசுன்சியோனில் அதே வியாதிக்காரர்களின் சங்கத்துக் கூட்டத்துக்குப் போனவன் பஸ் படியில் வழுக்கித் தலையில் அடிபட்டுக்கொண்டான். ஒன்றுமில்லை என்று கூட்டம் முடியும்வரை உட்கார்ந்து எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டு, அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். மருந்து ஏற்றினார்கள். ஆனால் மண்டைக்குள் ரத்தம் அதற்குள் பரவிவிட்டது. அவனுடைய சொந்த மருந்து இங்கே, பிரிட்ஜின் கீழ்த்தட்டில், அட்டைப்பெட்டிகளில் பிரிக்காமல் இருந்தது.

சுனில்டாவுக்குப் பொறாமைதான். செத்தவன்மேல் பொறாமைப்படலாமா என்று கேட்பீர்கள். அவன் உயிரோடிருக்கும்போது நாள் தவறாமல் பட்டவள், செத்துப்போனான் என்பதற்காக ஒரே நாளில் எப்படி நிறுத்துவாள்? அவனுக்கு முட்டி வலித்தால் அம்மா பள்ளிக்கூடத்துக்கே ஐஸ் எடுத்துக்கொண்டு ஓடுவாள். இவளுக்குப் பதின்மூன்று வயதில் மெத்தை நனைந்தபோது, "பொம்பளைன்னா அப்படித்தான், போய் அலசிப் போடு" என்றாள். அவன் வியாதிக்கு ஒரு பெயர் இருந்தது, சங்கம் இருந்தது, வருஷத்துக்கு ஒரு நாள் விழாகூட இருந்தது. இவளுடையதற்கு ஒரு வாளியும் உப்புத் தண்ணீரும் இருந்தன.

போதாததற்கு அந்த ஞாயிற்றுக்கிழமைச் சேதி வேறு. வாராவாரம் டெர்லிஸ் போனில் பேசிப் பதிவு செய்து, நாடு முழுக்க இருக்கிற தன் ஆட்களுக்கு அனுப்புவான். எந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு மருந்து வந்திருக்கிறது, எந்தப் பல் டாக்டர் பயப்படாமல் பல் பிடுங்குவார், யாருக்குக் கல்யாணம், யார் முட்டி எவ்வளவு வீக்கம் என்று எல்லாம் அதில் வரும். நடுநடுவே கேலி. அதைக் கேட்காமல் பலருக்கு ஞாயிறு விடியாது. போன வருஷம் சங்கத்தில் அக்கா தங்கைகளுக்கும் ரத்தம் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு வந்த வாரமே இவன் சேதியில் சொல்லிவிட்டான். "பொம்பளைங்களுக்கு இது வராதுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. என் தங்கச்சிக்கே இருக்கு." நாடே தெரிந்துகொண்டது. இவளைக் கேட்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அம்மா அதைக் கேட்டுவிட்டு, "எதையாச்சும் சொல்லிச் சிரிக்க வைப்பான்" என்று மாவு பிசையப் போய்விட்டாள்.

அன்றைக்கு அவன் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினான். "இந்தா, உனக்கும் இதே மருந்துதான். அம்மாவப் போடச் சொல்லவா?"

"உன் மிச்சம் எனக்கு வேணாம்" என்றாள்.

அவன் சிரித்தான். எதற்கும் சிரிப்பான் அவன். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

இப்போது முன்னறையில் அவனைச் சுற்றி அவனுடைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கெங்கிருந்தோ பஸ் ஏறி வந்தவர்கள். எல்லாரும் ஒரே மாதிரி நொண்டினார்கள். ஒரு காலை நீட்டித்தான் உட்கார முடிந்தது. சுனில்டா கொடுத்த ஐஸில் பாதியைக் குவளையிலும் பாதியைத் துணியில் சுற்றி முட்டியிலும் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் அழுத அழுகையைப் பார்த்தால் சுனில்டாவுக்கு ஆத்திரமாக வந்தது. நான் செத்தால் யார் பஸ் ஏறி வருவார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். ப்ளாசிதா வருவாள். அவள் எல்லாச் சாவுக்கும் வருகிறவள்.

பதினோரு மணிவாக்கில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. சங்கத்தின் மூத்த ஆள் அர்செனியோ, தோளில் நீல நிற ஐஸ் பெட்டியோடு சமையலறை வாசலில் நின்றார். சுனில்டா காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தது அந்தப் பெட்டிக்குத்தான்.

அவர்களுக்குள் அது ஒரு வழக்கம். ஒருவன் போய்விட்டால், அவன் வீட்டில் மிஞ்சுகிற மருந்து அன்றைக்கே அடுத்தவனுக்குப் போய்விட வேண்டும். கேட்பதற்கு யாரும் கூச்சப்பட மாட்டார்கள், கொடுப்பவர்களும் தப்பாக நினைக்க மாட்டார்கள். டெர்லிஸே அந்த நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எத்தனையோ சாவு வீடுகளுக்குப் போயிருக்கிறான்.

"தங்கச்சி" என்றார் அர்செனியோ. "சாயங்காலம் எடுக்கறதுக்குள்ள இந்த வேலைய முடிச்சிடலாம்னு பாத்தேன். கான்செப்சியோன்ல வில்பிரிதோன்னு ஒருத்தன், கொத்தனாரு. தொடைக்குள்ள ரத்தம் கட்டிக் கெடக்கான். ரெண்டு மணி பஸ்ல குடுத்து விட்டா ராத்திரிக்குள்ள போயிடும்."

சுனில்டா நகரவில்லை.

"இல்ல."

"என்னம்மா?"

"தரமாட்டேன்."

அர்செனியோ கோபப்படவில்லை. இந்த மாதிரி வீடுகள் நிறையப் பார்த்தவர். புருஷனின் மருந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்ற பெண்டாட்டிகளைப் பார்த்திருக்கிறார். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு மெதுவாக நின்றார். அதற்குள் அம்மா செபெரினா வந்துவிட்டாள்.

செபெரினா காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. சவப்பெட்டியோரம் நின்று நின்றே முதுகு வளைந்திருந்தது. நீலப் பெட்டியைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்தது.

"எடுத்துக் குடுடி."

"மாட்டேன்."

"சாவு வீட்ல மானத்த வாங்காத. அவன் இருந்தா இந்நேரம் அவனே எடுத்துக் குடுத்திருப்பான்."

"அவன் குடுப்பான். அவன் ஊருக்கே குடுப்பான்."

"தள்ளு."

"எனக்கு வேணும்மா."

அம்மாவுக்கு அந்தச் சொல் காதில் ஏறவேயில்லை. "என்ன வேணும்?"

"இந்த மருந்து. எனக்கு வேணும்."

"உனக்கெதுக்கு அது? ஞாபகத்துக்கு வச்சுக்கப் போறியா? சட்ட இருக்கு, போன் இருக்கு, எடுத்துக்க. இது ஆம்பளைங்க மருந்து."

முன்னறையில் ஜபம் நின்று போனது. சமையலறையில் சத்தம் என்றால் எந்த ஜபமும் நிற்கும். சுனில்டாவுக்கு அப்போதுதான் கால் மடங்கியது. விழவில்லை, பிரிட்ஜோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். பாவாடையை இழுத்துக் காலுக்கடியில் சொருகிக்கொண்டாள். அப்படியும் சிமெண்டுத் தரையில் ஓர் இடம் ஈரமாயிற்று.

அர்செனியோதான் முதலில் பார்த்தார். வேறு ஆணாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போயிருப்பார். அவர் போகவில்லை. பிறந்ததிலிருந்து ரத்தத்தோடு குடித்தனம் நடத்துகிறவருக்கு அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"எப்பலேருந்து?" என்று கேட்டார்.

அந்த வீட்டில் அந்தக் கேள்வியை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார்கள். அவ்வளவும் டெர்லிஸிடம்தான்.

"போன வாரத்துலேருந்து. நிக்கவே இல்ல" என்றாள். அண்ணன் செத்த செய்தி வந்தபோது வராத அழுகை இப்போது வந்தது. அதற்கும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"தலை சுத்துதா?"

"சுத்துது."

அர்செனியோ அம்மாவிடம் திரும்பினார். "செபெரினாக்கா. டெர்லிஸ் சொன்னப்பவே உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். மொதல்ல இவளுக்குப் போடுங்க. மிச்சம் இருக்கறத நான் எடுத்துட்டுப் போறேன்."

"வில்பிரிதோவுக்கு?" என்றாள் சுனில்டா.

"பாதியாச்சும் போகும். மீதிய நான் வேற எங்கயாச்சும் பிச்சையெடுக்கறேன். எனக்குப் பழக்கந்தான்."

அம்மா மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அந்த வெளுத்த உதட்டைப் பார்த்து, அண்ணனுக்காக இவளும் உருகுகிறாளே என்று கொஞ்சம் ஆறுதல்கூடப் பட்டிருந்தாள். பிறகு சமையலறைக் கதவைச் சாத்தினாள். கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். கழுவத் தொடங்கியதுமே அவள் முதுகு நிமிர்ந்துவிட்டது. முப்பது வருஷமாகச் செய்த வேலை அது.

மருந்துப் பெட்டியைப் பிரித்து, குப்பியிலிருந்த பொடியில் தண்ணீரை ஏற்றி, அதை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டினாள். குலுக்கினால் நுரைத்துப் போகும். பொடி கரைகிறவரை உருட்டிக்கொண்டே இருந்தாள். அர்செனியோ மரியாதையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அம்மா தரையில் வந்து உட்கார்ந்தாள். மகளின் கையை இழுத்து மடியில் வைத்து ரப்பர் பட்டையைக் கட்டினாள். இரண்டு விரலால் தட்டினாள். தட்டியவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"எவ்ளோ நல்ல நரம்பு" என்றாள். "அவனுக்கு ஒண்ணு கெடைக்கறதுக்குள்ள எனக்கு வேத்துடும்."

ஊசி வலிக்கவேயில்லை. இவ்வளவு லேசான கை அம்மாவுக்கு இருக்கிறது என்று சுனில்டாவுக்கு இத்தனை வருஷம் தெரியாது. மருந்து மெதுவாக உள்ளே போனது. அம்மா சிரிஞ்சை மட்டும் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"உன்னப் பெத்தப்ப எனக்கும் இப்படித்தான் போச்சு. ரெண்டு மாசம். எல்லாருக்கும் அப்படித்தான் போகும்னு நெனச்சேன்."

"யாரையும் கேக்கலயா?"

"யாரப் போயிக் கேக்கறது."

அடுத்த குப்பியும் முடிந்தது. அம்மா ஊசியை உருவி, பஞ்சை வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். அர்செனியோ மிச்சப் பெட்டிகளைத் தன் ஐஸ் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டு, கதவைத் திறந்து, சத்தமில்லாமல் வெளியேறினார். வெளியே யாரோ ஒருவன், "குடுத்தாங்களா?" என்று கேட்டான். "குடுத்தாங்க" என்றார் அவர்.

ப்ளாசிதா எட்டிப் பார்த்தாள். தரையில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒன்றும் புரியாமல் விழித்தாள்.

"செபெரினா, பாதிரியார் வந்துட்டாரு. பெத்தவ இல்லாம எப்படி ஆரம்பிக்கறது?"

"வர்றேன். இது நிக்கட்டும்."

முன்னறையில் எல்லாரும் எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஊன்றுகோல்கள் தரையில் தட்டின. அம்மா கதவுப் பக்கம் பார்த்தாள், மறுபடி மகளின் கையைப் பார்த்தாள். கட்டைவிரலை எடுக்கவில்லை.

பஞ்சுக்கடியில் ரத்தம் அப்போதே நின்றுவிட்டிருந்தது. சுனில்டாவுக்கு அது தெரிந்தது. அவள் சொல்லவில்லை.