கரிச்சட்டியின் வால்

காலையில் எழுந்ததும் யாண்ட்ரி கேஸ் சிலிண்டரைத் திறந்தான். காப்பிக்குத் தண்ணீர் வைத்தான். முந்தின நாள் வாழைக்காய் உருண்டையை வாணலியில் போட்டு இரண்டு பக்கமும் சிவக்கவிட்டு, நின்றபடியே தின்றான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். அடுப்புத் திருகை மூடினான், சிலிண்டரையும் மூடினான். சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவன், திரும்பி வந்து சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தான். மூடித்தான் இருந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தான். அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

மனைவி நூபியா போனதிலிருந்து எல்லாக் காலையும் இதுதான். இந்த வாரம் மட்டும் பையில் அவளுடைய ஹார்ட் டிஸ்க்கும் கூட வந்தது.

நூபியா புவெர்ட்டோ லோப்பெஸ் என்ற அந்தக் கடற்கரை ஊரில் படகு வழிகாட்டியாக இருந்தாள். திமிங்கிலம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு தீவுப்பக்கம் போவாள். அவர்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது இவள் வால்களைப் படம் பிடிப்பாள். வாலின் அடிப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி. ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. அந்தப் படங்களை வைத்துத்தான் ஆராய்ச்சியாளர் டாக்டர் ரெனாட்டா வேலெஸ் திமிங்கிலங்களை ஒவ்வொன்றாக அடையாளம் வைத்துப் பதியும் கேட்டலாக்கை நடத்தினார்.

அதில் ஒரு கறார் விதி உண்டு. முதல் தடவை பார்த்த திமிங்கிலத்துக்கு எண்தான். வேறொரு வருஷத்தில் தெளிவான இரண்டாவது படம் கிடைத்தால் பெயர் வரும். மூன்று வருஷமாகியும் கிடைக்காவிட்டால் எண்ணையும் எடுத்துவிடுவார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு நூபியா ஒரு முழுக் கருப்பு வாலைப் படம் பிடித்தாள். ஒரு வெள்ளைப் புள்ளிகூடக் கிடையாது. இடது மடலில் கடித்து எடுத்ததுபோல ஒரு பள்ளம். வீட்டுக்கு வந்து, நம்ம வாணலி அடி மாதிரியே இருக்கு என்று சொல்லி அதற்குக் கரிச்சட்டி என்று பெயர் வைத்தாள். கேட்டலாக்கில் அது வெறும் எண். போன செப்டம்பரில், அவளுடைய கடைசிப் பயணத்திலிருந்து முழுக்க நனைந்து வந்தவள், கரிச்சட்டியை மறுபடி பார்த்துவிட்டேன், படமும் எடுத்துவிட்டேன் என்றாள். அந்த வாரமே டெங்கு வந்து போய்ச் சேர்ந்தாள்.

இப்போது மே மாதம். அடுத்த பருவம் தொடங்குமுன் கேட்டலாக்கை மூடியாக வேண்டும். சனிக்கிழமைவரை டாக்டர் அவகாசம் கொடுத்திருந்தார்.

"நூபியா பொய் சொல்லமாட்டா, எனக்குத் தெரியாதா? ஆனா வாய்ச்சொல்ல கேட்டலாக்ல ஒட்ட முடியாதுப்பா. படத்தக் கொண்டா."

சரி என்றான் யாண்ட்ரி. சமீபமாக எல்லாரிடமும் அவன் சொன்ன சொல் அதுதான். இந்த ஒரு தடவை மட்டும் சொன்னபடியே செய்வது என்று முடிவு செய்திருந்தான்.

டிஸ்க்கில் முப்பதாயிரத்துக்கு மேல் படங்கள். நூபியாவின் பழைய கேமராவில் பேட்டரி மாற்றும்போதெல்லாம் தேதி பின்னுக்கு ஓடிவிடும். அவளும் கார்டில் இருப்பதையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டிவைப்பாள். எது எந்த வருஷம் என்று கேட்டால் படத்தைப் பார்த்தே சொல்லுவாள். அவளுக்கு அது போதுமாயிருந்தது. மேலும், ஆடுகிற படகில் எடுத்தவை, முக்கால்வாசி கலங்கல்.

கலங்கலை முதலில் ஒதுக்கிவிடலாம் என்று ஒரு கணினி நிரல் எழுதினான். விஷயம் எளிது. தெளிவான படத்தில் ஒரு புள்ளிக்கும் பக்கத்துப் புள்ளிக்கும் வெளிச்சம் சட்டென்று மாறும். கலங்கிய படத்தில் மெல்ல மெல்ல மாறும். அந்த மாற்றத்தை அளந்து ஒவ்வொரு படத்துக்கும் மதிப்பெண் போடவைத்தான். ஒரு கோடு கிழித்து, அதற்குக் கீழே வந்ததையெல்லாம் வேறு இடத்துக்குத் தள்ளினான். மேலே நாலாயிரம் சொச்சம் நின்றது. சாப்பாட்டு நேரத்திலும் வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்து ஒன்று விடாமல் பார்த்தான். கரிச்சட்டி இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் மடிக்கணினியைக் கடற்கரைக்கு எடுத்துப்போனான். நூபியா வழக்கமாகப் போகும் படகு எலோயுடையது. எலோய் வெங்காயம் போட்ட மீன் சூப்பைக் குடித்துக்கொண்டே, தேறிய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். தண்ணீர்த் துளி. கடற்பறவை. ஒரு வெள்ளைக்காரம்மாளின் பூப்போட்ட தொப்பி. மறுபடி தண்ணீர்த் துளி, பின்னால் கரைந்துபோன ஒரு வால்.

"என்ன மச்சான், உன் மிஷின் தொப்பிய ரசிச்சிட்டு நிக்குது? அதுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடு."

யாண்ட்ரி சிரிக்கவில்லை. அந்தக் கடைசிப் பயணம் எப்படி இருந்தது என்று கேட்டான். நாள் பூராவும் தூறல், வானமும் கடலும் ஒரே சாம்பல் என்றான் எலோய். அன்றைக்குத்தான் புது நீலப் பெயின்ட் அடித்த கைப்பிடிக் கம்பியோடு படகை இறக்கினானாம். காயாத பெயின்ட் நூபியாவின் முழங்கையில் ஒட்டி, கரை வரும்வரை அவனைத் திட்டிக்கொண்டே வந்தாளாம். அதற்கு முன் கம்பி வெள்ளை.

அவள் முழங்கையில் இருந்த நீலம் யாண்ட்ரிக்கு ஞாபகம் இருந்தது. மண்ணெண்ணெய் தொட்டு அவன்தான் துடைத்துவிட்டான்.

ஆனால் அவன் மனசில் தங்கியது தொப்பிதான். பூப்போட்ட தொப்பிக்கு மதிப்பெண் ஏறுகிறது. அப்படியென்றால் எதற்கு இறங்கும்? வீட்டுக்கு வந்ததும், டாக்டர் ஏற்றுக்கொண்ட கரிச்சட்டியின் முதல் படத்தை, கேட்டலாக்கில் உள்ள அதே படத்தை, எடுத்து நிரலுக்குள் போட்டான். வாலின் விளிம்பு கத்திபோல இருக்கும் படம் அது.

கோட்டுக்கு வெகு கீழே விழுந்தது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். கருப்பு வால், சாம்பல் கடல். படத்தில் மாறுவதற்கு எதுவுமே இல்லை. வாலின் ஓரத்தில் மட்டும் மயிரிழை அகலத்துக்கு ஒரு மாற்றம்; முழுப் படத்தின் கணக்கில் அது எங்கே தெரியப்போகிறது. படம் கலங்கல் இல்லை. சும்மா அமைதியாக இருந்தது. அவன் எழுதிய நிரல் அமைதியையெல்லாம் குப்பையில் தள்ளியிருந்தது.

கோட்டைக் கீழே இறக்கினால் கலங்கலெல்லாம் திரும்ப வந்துவிடும். ஆகவே கோட்டை விட்டுவிட்டு, நிரலுக்கு வேறு வழி சொல்லிக்கொடுத்தான். முதலில் படத்தில் பெரிய இருட்டுத் திட்டு எங்கே இருக்கிறது என்று தேடு. அதன் ஓரத்தை மட்டும் பார். கருப்பிலிருந்து சாம்பலுக்குப் போக எத்தனை புள்ளி ஆகிறது என்று எண்ணு. குறைவாக இருந்தால் தெளிவு. துளி, பறவை, தொப்பி எதையும் கண்டுகொள்ளாதே. இப்படித் திருத்தி எழுதி, முதல் படத்தைப் போட்டுச் சோதித்தான். இரண்டு தடவை தோற்றது. படகின் நிழலை வால் என்று எடுத்துக்கொண்டது. அதையும் சரிசெய்தான். மூன்றாம் தடவை தேறியது.

வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு விடுப்பு சொன்னான். குப்பையில் தள்ளிய இருபத்தாறாயிரம் படங்களையும் புது நிரலுக்குள் விட்டுவிட்டு, துணி துவைத்தான். காயப்போட்டுவிட்டு வந்தபோது சில நூறு படங்கள் தேறியிருந்தன. உட்கார்ந்தான்.

மதியத்துக்கு முன் அது வந்தது. சாம்பல் தூறலில் முழுக் கருப்பு வால், இடது மடலில் பள்ளம். கீழ்மூலையில் விரல் அகலத்துக்கு நீலக் கம்பி.

அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. படத்தை மூன்று இடத்தில் நகலெடுத்தான். பிறகு கேட்டலாக் அலுவலகத்துக்கு நடந்தான்.

டாக்டர் ரெனாட்டா இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பள்ளத்தை அளந்தார். எலோயைக் கூப்பிட்டுப் பெயின்ட் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, இரண்டாவது படம் எடுத்தவர்தான் பெயர் வைக்க வேண்டும், அவளுக்குப் பதிலாக நீ சொல், நாளைக்குள் போதும் என்றார்.

சேதி அவனுக்கு முன்னே மாமியார் ஒட்டிலியாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அவன் வீட்டுக்கு வந்தபோது அவள் கொடியிலிருந்து துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். காப்பி போட்டுக் கொடுத்தான். பெயர் என்ன வைக்கப்போகிறாய் என்று கேட்டாள். சொன்னான்.

"கரிச்சட்டியா? என் பொண்ணு உசிரக் குடுத்து எடுத்த படத்துக்குச் சட்டின்னு பேரா? நூபியான்னு வைங்க மாப்ள. ஊரே எதிர்பாக்குது."

"அவ வெச்ச பேரு அது, அத்தை."

"அவ விளையாட்டா வெச்சிருப்பா."

"விளையாட்டோ என்னவோ, அவ வெச்சது. மாத்தமாட்டேன்."

ஒட்டிலியா ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். கடைசி நேரத்தில் நூபியா, என்னைக் கடலிடம் சேர்த்துவிடுங்கள் என்று சொன்னதாக ஒட்டிலியா எட்டு மாதமாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பூசையில் பாதிரியார்கூட அதைச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போன வண்டியில் நூபியாவோடு இருந்தது யாண்ட்ரி மட்டும். அவன் மறுத்ததில்லை, ஆமாம் என்றதும் இல்லை.

"சரி, சட்டின்னே வைங்க," என்றாள் கடைசியில். துணியைக் கீழே வைத்தாள். "மாப்ள, நான் ஊருக்குச் சொல்றத விடுங்க. நெசமா அவ என்ன சொன்னா?"

யாண்ட்ரி அடுப்பைப் பார்த்தான். வண்டி ஊரெல்லையைத் தாண்டும்போது நூபியா கண்ணைத் திறந்து, அவன் மணிக்கட்டைப் பிடித்து, கடைசியாக ஒன்று கேட்டாள். அதை அவன் எட்டு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. இப்போது எதையும் சேர்க்காமல், எதையும் விடாமல், அப்படியே சொன்னான்.

"ஏய், கேஸ மூடினியா?"